வலக்கைக்கு எத்தனை மில்லிமீற்றர்?

கிற்றார் பழக வருகிற பிள்ளைகள் கேட்பதெல்லாம் இடக்கையைப் பற்றித்தான். விரல்நுனி நோவது எப்போது நிற்கும், எஃப் கோர்ட்டை எப்படி அமத்துவது, சுண்டுவிரல் ஏன் எட்டுதில்லை. வலக்கையில் ஒரு பிக்கைக் கொடுத்தால் பேசாமல் வாங்கி அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அது எவ்வளவு தடிப்பு, எதனால் செய்தது என்று புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது மனவருத்தம் தருகிற விஷயம். எந்தச் சுரம் என்பதை இடக்கை முடிவு செய்கிறது. அந்தச் சுரம் எப்படிப் பிறக்கிறது, தாளத்தின் எந்த இடத்தில் விழுகிறது, கடைசி வரிசையில் நிற்பவரிடம் என்னவாகப் போய்ச் சேருகிறது என்பதெல்லாம் வலக்கையின் வேலை. அந்தக் கைக்கும் கம்பிக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஒரு துண்டு.

தம்பிலுவிலில் இருந்துகொண்டு, தெற்கே பொத்துவில் தொடங்கி வடக்கே மட்டக்களப்பு வரைக்கும் இந்தக் கரையோரப் பாதையில் கோயில் திருவிழா, கலியாண வீடு, பாடசாலைக் கலைவிழா என்று வாசித்து வருகிறேன். பின்னேரங்களில் விறாந்தையில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். புதிதாகப் பழகுகிறவருக்கு மெல்லிய பிக், கை தேறிய பிறகு தடித்த பிக் என்று ஒரு வழக்கம் எங்கும் இருக்கிறது. கடையிலும் அப்படித்தான் எடுத்துத் தருவார்கள். அந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பிக்கின் தடிப்பு வாசிக்கப்போகும் தாளத்தையும் மடியிலிருக்கும் கருவியையும் பார்த்துத் தெரிய வேண்டியது. பழகிய வருடங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதலில் அளவுகள். 0.60 மில்லிமீற்றருக்குக் கீழ் மெல்லியது, 0.60 முதல் 0.80 வரை நடுத்தரம், அதிலிருந்து 1.20 வரை தடித்தது, அதற்கு மேல் மிகத் தடித்தது என்று பொதுவாகப் பிரிப்பார்கள். பெண்டர் நிறுவனம் தன் பிக்குகளில் தின், மீடியம், ஹெவி என்று சொல்லாகவே அச்சடிக்கிறது. அதன் மீடியம் ஏறத்தாழ 0.71 மில்லிமீற்றர். டன்லொப் எண்ணாக அச்சடிக்கிறது. 1981-இல் அந்த நிறுவனம் கொண்டுவந்த டோர்டெக்ஸ் பிக்குகளுக்கு நிறமும் அளவும் ஒன்றோடொன்று கட்டியவை: 0.50 சிவப்பு, 0.60 செம்மஞ்சள், 0.73 மஞ்சள், 0.88 பச்சை, 1.00 நீலம், 1.14 ஊதா. மேடையில் நாங்கள் எண் சொல்வதில்லை. "அந்த மஞ்சளை எடு மச்சான்" என்றால் போதும். கலப்பாகப் பொதிசெய்து வருகிற மலிவான பிக்குகளில் இந்த நிறக்கணக்கு செல்லாது. அங்கே மஞ்சள் 0.46 ஆகவும் இருக்கும், 0.96 ஆகவும் இருக்கும். எண் எதுவும் அச்சடித்திராது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்தால் நான் முதலில் கொடுக்கிற வேலை, பாடசாலை ஆய்வுகூடத்தில் நுண்மானித் திருகுக் கணிச்சியால் இந்தப் பிக்குகளை அளந்து, ஒவ்வொன்றிலும் நிரந்தர மையால் எண்ணை எழுதிக்கொண்டு வருவது. விரலால் தடவிப் பார்த்து நடுத்தரம் என்று நினைத்தது கணிச்சியில் வேறாக வரும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற வியப்பு எனக்குப் பிடிக்கும். அதன் பிறகு அவர்கள் எந்தப் பிக்கையும் பார்க்காமல் எடுப்பதில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு விளங்குகிற இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே பொருளால் செய்த இரண்டு தகடுகளில், வளையாமல் நிற்கும் வலு தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 0.60 மில்லிமீற்றர் பிக்கையும் அதன் இரு மடங்கான 1.20 பிக்கையும் எடுத்தால், இரண்டாவது எட்டு மடங்கு விறைப்பு. 0.60-க்கும் 0.73-க்கும் இடையில் இருப்பது 0.13 மில்லிமீற்றர்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் விறைப்பில் அது ஏறத்தாழ 1.8 மடங்கு. 0.73-இலிருந்து 0.88-க்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே அளவு ஏற்றம். பிக் ஒன்றை மாற்றியதும் கை முழுக்க வேறாக உணர்வது கற்பனை என்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

இதே மும்மடிக் கணக்கு பிக் விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்துக்கும் பொருந்தும். பத்து மில்லிமீற்றர் நீட்டிப் பிடித்த பிக்கை ஐந்தாகக் குறைத்துப் பிடித்தால் எட்டு மடங்கு விறைக்கும். ஆகவே கையில் ஒரே ஒரு பிக் இருக்கிறவருக்கும் வழி உண்டு. பல்லவிக்கு நீட்டிப் பிடித்து வீசி அடிக்கலாம், இடையிசையில் தனிச் சுரம் வரும்போது நுனியோடு ஒட்டிப் பிடிக்கலாம். பாட்டு நடுவில் பெருவிரலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். நல்ல கைகள் இதைச் சொல்லிக்கொடுக்காமலே செய்துவிடும்.

இந்தக் கரையில் வலக்கைக்குப் பெரிய சோதனை பைலா. போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவற்றில் இன்றும் மூச்சு விடுகிறவை சிலதான். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளின் கபிரிஞ்ஞா அவற்றில் ஒன்று. வயலினும் கிற்றாரும் மேளமுமாக அவர்கள் கலியாணங்களில் அது ஒலித்து வந்திருக்கிறது. அதே வேரிலிருந்து கொழும்புப் பக்கத்தில் வளர்ந்த பைலாவை, 1940களில் வொலி பஸ்தியன் மேடைப் பாட்டாக ஆக்கினார். பின்னாளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய தமிழ்ப் பொப் பாடல்களிலும் அந்த நடைதான் உள்ளே ஓடுகிறது. இன்றைக்கும் ஒரு கலியாண வீட்டில் "சுராங்கனி" வாசிக்காமல் கருவிகளை உறையில் போட்டால் ஆட்கள் விடமாட்டார்கள்.

பைலா ஆறு எட்டில் போகிறது. கை மேலும் கீழுமாக மாறிமாறி ஓடினால், முதல் அடி கீழ்நோக்கி விழும். அடுத்த அழுத்தம் விழுகிற நான்காவது அடி மேல்நோக்கிய வீச்சில் வரும். பெரும்பாலானவர்களின் பைலா நொண்டுவது இந்த நான்காவது அடியில்தான். 0.46 போன்ற மெல்லிய பிக் அந்த மேல்வீச்சில் மடங்கிப் போய்விடும். கம்பியை அது தொடுகிற நேரம் கை நினைத்த நேரத்துக்குச் சற்றுப் பின்னால் விழும். பிந்துவது இம்மியளவுதான். ஆனால் டொல்கி வாசிப்பவர் உடனே உங்களைத் திரும்பிப் பார்ப்பார். மறுபக்கம், 1.14 பிடித்து வேகமாக வீசினால் மேல்வீச்சில் மெல்லிய கம்பிகளில் கொளுவிக்கொள்ளும், மணிக்கட்டு இறுகும், இரண்டு பாட்டுக்குள் முழங்கை நோகத் தொடங்கும். என் கையில் பைலாவுக்கு நிலைத்தது 0.73, நுனி கொஞ்சம் உருண்டது. 12-53 அளவுக் கம்பி பூட்டிய அக்குஸ்டிக் கிற்றாரில் அது கம்பியோடு சேர்ந்து அளவாக வளைகிறது, திரும்பி வருகிற நேரமும் தாளத்துக்குள் நிற்கிறது. மேளம் இல்லாமல் இரண்டு பேராக உட்கார்ந்து பாடுகிற இடங்களில் மட்டும் 0.60 எடுப்பேன். அப்போது அந்தப் பிக்கின் சரசரப்பே மேளத்தின் இடத்தை நிரப்பிவிடும்.

எங்கள் ஊரில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கும் குளிர்த்தியும் நடக்கும். உடுக்குச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த காதுகள் இங்கே. கோர்ட் பிழைத்தால் பொறுத்துக்கொள்வார்கள், அடி விழுகிற இடம் பிழைத்தால் எழுந்து போய்விடுவார்கள். தாளக் கிற்றார் வாசிப்பவரை நான் தோல்கருவிக்காரரோடு சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

இனி மேடை ஒலி. வீட்டில் நன்றாகக் கேட்கிற பிக் திருவிழா மேடையில் நன்றாகக் கேட்கும் என்று சொல்ல முடியாது. அக்குஸ்டிக் கிற்றார்களில் பாலத்தின் அடியில் பதித்த பியெசோ பிக்கப், கம்பியின் ஒலியோடு பிக் கம்பியில் உரசுகிற சத்தத்தையும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். மெல்லிய பிக் வளைந்து விடுபடும்போது எழுகிற "டிக்" ஒலி வீட்டில் காதில் விழாது. கோயில் வீதியில் மரத்தில் கட்டிய ஹோர்ன் ஸ்பீக்கர் அந்த மேலொலியை வெட்டிக் கூர்மையாக்கி அனுப்பும். இரண்டாவது வீதியில் நிற்பவருக்குக் கோர்ட்டே கேட்காது, டிக் டிக் என்பது மட்டும் கேட்கும். சவுண்ட்காரரிடம் ட்ரெபிளைக் குறைக்கச் சொன்னால் பாடகரின் உச்சரிப்பும் சேர்ந்து மங்கிவிடும். இதற்குச் சரியான மருந்து பிக்கை மாற்றுவது. 0.60-ஐ வைத்துவிட்டு 0.88 எடுத்து, வீச்சின் பலத்தைப் பாதியாக்கினால் அந்த டிக் பெருமளவு அடங்கிவிடும். ஆகவேதான் ஒலிச் சோதனை நேரத்தில் ஒரு பிள்ளையை வாசிக்கவிட்டு, நான் ஸ்பீக்கருக்கு எதிரே தூரத்தில் போய் நின்று இரண்டு மூன்று பிக்கை மாற்றிக் கேட்பேன். வாசிப்பவரின் காது கிற்றாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாட்டைக் கேட்க வந்தவரின் காது அங்கே இல்லை.

எலக்ட்ரிக் கிற்றாரில் மெட்டு வாசிப்பதற்கு வேறு கணக்கு. எங்கள் சபைகளில் முக்கால்வாசி சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும். குழலும் வயலினும் வாசித்த இடையிசைகளைக் குழுவில் ஆள் இல்லாதபோது கிற்றார்தான் ஏற்க வேண்டும். அந்த வரிகளில் கமகம் இருக்கும். ஒரே அடியில் கம்பியைச் சீண்டிவிட்டு, இடக்கை வழுக்கியும் இழுத்தும் மூன்று நான்கு சுரங்களை அந்த ஓர் அதிர்விலேயே எடுக்க வேண்டும். மின்சார மண்டலினில் கர்நாடக இசை வாசித்த யூ. ஸ்ரீனிவாஸைக் கேட்டவர்களுக்கு, பிக்கால் வாசிக்கிற கருவியிலும் கமகம் எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரியும். அப்படி வாசிக்க முதலடி உறுதியாகவும் உருண்டையாகவும் இருக்க வேண்டும். வளைகிற பிக் கம்பிக்குக் கொடுக்க வேண்டிய அசைவில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொண்டுவிடுகிறது. நான் அதற்கு 1.14 எடுக்கிறேன், மெதுவான பாட்டென்றால் 1.38 மில்லிமீற்றர் ஜாஸ் III பிக். எலக்ட்ரிக்கில் பூட்டுகிற 9-42 கம்பிகள் மெல்லியவை, ஆகவே பிக்கும் மெல்லியதாக இருக்கட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய கம்பிக்கு முன்னால் தடித்த பிக் வளையவே வளையாது, அதனால் விரலின் சிறு அசைவுகூட அப்படியே ஒலியாகிறது. மென்மையாக வாசிக்கத் தெரிந்த கைக்கு அது பெரிய சுதந்திரம்.

தடித்த பிக் முரட்டுக் கைக்குரியது என்கிறவர்களிடம் குயீன் குழுவின் பிரையன் மேயைக் கேட்கச் சொல்வேன். அவர் வாசிப்பது பழைய ஆங்கிலேய ஆறு பென்ஸ் நாணயத்தால். உலோகம், துளியும் வளையாது. அவரது மெட்டுகளில் இருக்கும் குழைவு அத்தனையும் விரலிலிருந்து வருகிறது. ஐரோப்பாவின் ஜிப்ஸி ஜாஸ் கலைஞர்கள் மூன்று மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட பிக்கால் அக்குஸ்டிக் கிற்றாரில் பறக்கிறார்கள்.

தடிப்பை மட்டும் பேசிப் பொருளை விட்டுவிட முடியாது, அதிலும் கடற்கரையில். நைலோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் இளகும். மாரி மாதங்களில் 0.73 நைலோன் பிக் என் கையில் 0.60 போல நடந்துகொள்ளும். டோர்டெக்ஸ் செய்கிற அசற்றல் வகைப் பிளாஸ்டிக் ஈரத்தை மிகக் குறைவாகவே எடுக்கும், ஆகவே மழைக்காலத்திலும் குணம் மாறாது. செலுலொயிட் பார்க்க அழகு, ஒலியும் இனிமை, ஆனால் வியர்த்த விரலில் வழுக்கும். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனம் திரள்கிற நாட்களில் இங்கே கச்சான் காற்று அனலாக வீசும். அந்த வெக்கையில், மேடை விளக்குகளுக்குக் கீழே, பளபளப்பான பிக்கைப் பிடித்திருப்பது பெரும்பாடு. மேற்பரப்பு சொரசொரப்பானது, அல்லது பிடிப்பதற்கு மேடுகள் வைத்தது கைகொடுக்கும். பிடி வழுக்கினால் கை இறுக்கும், இறுக்கினால் எவ்வளவு சரியான தடிப்பும் பயனில்லாமல் போகும்.

செலுலொயிட் பிக் வந்ததே ஆமை ஓட்டுக்குப் பதிலாகத்தான். நியூயோர்க்கில் லூயிஜி டி'அன்ட்ரியா 1922-இல் செலுலொயிட் பிக்குகளைச் செய்யத் தொடங்கும் முன்னும், அதன் பிறகும் பல காலம், நல்ல பிக் என்றால் அழுங்காமையின் ஓடு. விறைப்பும் வழுக்காத விளிம்பும் ஒன்றாக அமைந்த பொருள் என்பார்கள். அந்த ஓட்டுக்காகவே அழுங்காமை அழிவின் விளிம்புக்குப் போனது. 1970களில் உலக வணிகத்தில் அதற்குத் தடை வந்தது. இலங்கையில் 1972-இன் திருத்தத்தோடு தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கடலாமைகளைக் காக்கிறது. ஆமைகள் கரையேறி முட்டையிடுகிற ஒரு கடற்கரையில் வாழ்கிற நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பழைய ஆமையோட்டுப் பிக் ஒன்றை யாராவது விலைபேசினால் வாங்காதீர்கள். அந்த ஒலிக்கு மிக அருகில் போகிற பிளாஸ்டிக் இன்று கடையில் கிடைக்கிறது.

நம் கையருகில் இருக்கிற பொருளென்றால் சிரட்டை. வட இந்தியாவில் சரோட் வாசிப்பவர்கள் சிரட்டையைத் தேய்த்துச் செய்த மீட்டியால் உருக்குக் கம்பிகளை வாசிக்கிறார்கள். தென்னை இல்லாத வளவே இல்லாத எங்கள் ஊரில் அதைச் செய்து பார்க்காமல் இருப்பது நியாயமா? முற்றிய தேங்காயின் சிரட்டையை வாளால் அறுத்து, அரத்தால் இராவி, கடைசியில் மெல்லிய மினுக்குத்தாளில் நீர் விட்டுத் தேய்த்தால் இரண்டு மில்லிமீற்றர் அளவில் அருமையான மெட்டுப் பிக் கிடைக்கும். அதைவிட மெல்லியதாகத் தேய்த்தால் விளிம்பு உடைந்துவிடும், ஆகவே வீச்சுத் தாளத்துக்கு உதவாது. ஒலியில் ஒரு வெப்பம் இருக்கிறது. பிள்ளைகள் இதைச் செய்யும்போது சரிவு, நுனி, விளிம்பு என்றால் என்ன என்பதைக் கையாலேயே படித்துவிடுகிறார்கள்.

பிக் தட்டுப்பாடான காலங்களில் இங்கே எல்லோரும் செய்தது பழைய பிளாஸ்டிக் அட்டையை வெட்டுவது. வங்கி அட்டை, சிம்மைக் கழற்றிய பிறகு மிஞ்சும் அட்டை எல்லாம் உலகம் முழுக்க 0.76 மில்லிமீற்றர் தரத்தில் வருகின்றன. ஆக, அட்டை வெட்டி வாசித்த நம் மூத்தவர்கள் அளவு தெரியாமலே நல்ல நடுத்தரப் பிக்கில்தான் பழகியிருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் சீக்கிரம் தேய்ந்து விளிம்பு பிசிறும், அது ஒன்றுதான் குறை.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் நான் கொடுப்பது மெல்லிய பிக் இல்லை, இந்த நடுத்தரம்தான். அக்கரைப்பற்றிலிருந்து வருகிற ஒரு மாணவன் வீட்டிலிருந்த 0.46-ஐக் கொண்டுவந்து, "இதுதான் லேசா இரிக்கு சேர்" என்றான். "லேசா இரிக்கிறது பிக்கா, உன்ட கையா மனே?" என்று கேட்டேன். கை விறைத்திருக்கிறது, பிக் தன்பாட்டில் மடிந்து அந்த விறைப்பை மறைத்துவிடுகிறது. மணிக்கட்டு இளகவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் இளகுகிறது. அப்படி ஆறு மாதம் பழகினால் மணிக்கட்டுக்கு இளகவே தெரியாமல் போகும். அவனுக்கு 0.73-ஐக் கொடுத்து, கோர்ட் எதுவும் பிடிக்காமல், வெறுங்கம்பியில் ஆறு எட்டை மெதுவாக ஓடவிட்டேன். முதலில் கொளுவியது. பிக் கொளுவும்போதெல்லாம் பிடியை இறுக்காமல் தளர்த்தச் சொன்னேன். தூண்டில் போட்டுவிட்டு மீன் கொத்துவதற்குக் காத்திருக்கிற கை தங்கூசியைப் பிடித்திருப்பதுபோலப் பிடி என்றேன். கடற்கரைப் பிள்ளைக்கு அது உடனே விளங்கியது. விழுந்துவிடாத அளவுக்குப் பிடி, அதற்கு மேல் வேண்டாம். சில வாரங்களில் அவனது மேல்வீச்சும் கீழ்வீச்சும் ஒரே கனத்தில் வந்தன. இன்றைக்கு அவனே மெட்டுக்கு 1.00, தாளத்துக்கு 0.73 என்று இரண்டாக வைத்துக்கொண்டு வாசிக்கிறான்.

"இளைய நிலா" வாசிக்கவேண்டும் என்று கேட்டு வராத மாணவன் இல்லை. "பயணங்கள் முடிவதில்லை" 1982-இல் வந்தது. இளையராஜாவின் அந்தப் பாட்டுக்குக் கிற்றார் வாசித்த சந்திரசேகரின் கைக்கு இன்றும் மவுசு குறையவில்லை. அந்த மாதிரிக் கம்பி கம்பியாகப் பிரித்து வாசிக்கிற இடங்களுக்கு விரல் நல்லது. பிக்கால்தான் வேண்டுமென்றால் 0.88-ஐக் குறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். கம்பி தாண்டுகிறபோது மெல்லிய பிக் ஆடி நிற்பதற்குள் அடுத்த சுரம் கடந்துவிடும்.

அறுகம்குடாவில் அலைச்சறுக்கு விளையாட வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளோடு இரவில் வாசிக்கக் கிடைக்கும்போது அவர்களுடைய ரெகே நடைக்கு 0.73-ஐயே நுனியோடு பிடித்து மேல்வீச்சைக் கத்தரித்து அடிக்கிறேன். பேஸ் கிற்றாரைப் பிக்கால் வாசிக்கிறவருக்கு ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே போகவேண்டாம் என்பேன். மண்டலின் இரட்டைக் கம்பிக்கும் அப்படித்தான், 1.20 அளவும் கொஞ்சம் உருண்ட நுனியும்.

கடைசியாகத் தேய்மானம். உப்புக்காற்றில் நம் கம்பிகள் சீக்கிரம் துருவேறும், துருவேறிய சுற்றுக்கம்பி அரம் மாதிரி வேலை செய்யும். 0.73 என்று அச்சடித்த பிக்கின் ஓரம் ஒரு பக்கமாகச் சரிந்து போயிருந்தால் அது பழைய பிக் இல்லை, அச்சடித்த எண் அதைச் சொல்லாது. வாசித்து முடித்ததும் கம்பியைப் பருத்தித் துணியால் துடையுங்கள். பிக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நுனியைப் பாருங்கள். பிசிறு இருந்தால் மினுக்குத்தாளில் இரண்டு பக்கமும் சமனாகத் தேய்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் சரிந்திருந்தால் மற்ற மூலைக்குத் திருப்பிப் பிடிக்கலாம், சாதாரண வடிவப் பிக்கின் பின்மூலைகள் இரண்டும் உருண்டவை, பைலாவுக்கு அவை நன்றாகவே பேசும். மூன்று மூலையும் போன பிறகுதான் புதியது. அதை வாங்கும்போது அதே அளவில் அதே பொருளில் ஆறேழை ஒன்றாக வாங்குங்கள். திருவிழா நாளில் விழுந்த பிக்கை மேடை மணலில் தேட முடியாது.